ராணிக்குப் பிறகு தங்கை

எழுபதுகளின் பிற்பகுதியில், ஆங்கில இலக்கியத்தோடு இங்கிலாந்தின் வரலாறும் எங்களுக்கு ஒரு பாடமாக இருந்தது. நெரவியிலிருந்து காரைக்கால் கல்லூரிக்குப் பேருந்தில் போய்வருவேன். மாலையில் வாய்விட்டுப் படிப்பது என் வழக்கம். அந்த ஆண்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தவள் அக்கா. மூன்றாம் பிரசவத்துக்கு அம்பகரத்தூரிலிருந்து வந்திருந்தாள். முதல் இரண்டும் பெண்கள். இதுவும் பெண்ணானால் அத்தானுக்கு வேறு பெண் பார்ப்பார்கள் என்பது இரு வீட்டாருக்கும் தெரியும். யாரும் அதைக் குரல் உயர்த்திச் சொன்னதில்லை.

ஒரு ராணியைப் பற்றிப் படித்தேன். வயிறு பெருத்துப் பிரசவ அறைக்குள் போனவள். தொட்டில் தயாராக இருந்தது. ஆண் வாரிசு பிறந்துவிட்டதாகச் செய்தி பரவி லண்டனில் மணி அடித்தார்கள். ஆனால் குழந்தை பிறக்கவே இல்லை. நாளாக ஆக வயிறு தானாக வடிந்துவிட்டது.

"அப்புறம் அந்தப் பொம்பளைக்கு என்னாச்சு?" என்றாள் அக்கா, முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே.

"புருஷன் கடல் தாண்டிப் போயிட்டான். இவ கொஞ்ச வருஷத்துல செத்துட்டா."

"அடுத்து யாரு வந்தா?"

"தங்கச்சி. வேற தாயிக்குப் பொறந்தவ."

"அவளுக்காவது புள்ளைங்க இருந்துச்சா?"

"அவ கல்யாணமே பண்ணிக்கல."

"பண்ணிக்காமயே ஆண்டாளா?"

"ரொம்ப வருஷம்."

அக்கா கீரைக் காம்புகளை ஒதுக்கிவிட்டு உள்ளே போனாள்.

காரைக்கால் ஆஸ்பத்திரியில் பெண் பிறந்தது. ஆண் பிறந்தால் கற்கண்டு, பெண் பிறந்தால் சர்க்கரை என்பது அக்காவின் புகுந்த வீட்டு வழக்கம். முன்னிரண்டு முறையும் சர்க்கரையையே அனுப்பிய அப்பாவுக்கு அந்த வழக்கம் தெரிய நேரவில்லை. இந்த முறை கடையில் சர்க்கரை இல்லை. கற்கண்டு வாங்கி, அம்பகரத்தூர் பஸ்ஸில் ஏறிய ஒருவரிடம் கொடுத்தனுப்பினார். பிரசவம் ஆயிற்று, இருவரும் நலம் என்று மட்டும் சொல்லச் சொன்னார். மற்றதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

மறுநாள் அக்காவின் மாமியார் வெள்ளி அரைஞாணோடு வந்தார்.

"பேரன் யாரு ஜாடை?" என்று கேட்டுக்கொண்டே துணியை விலக்கினார். பார்த்தார். திரும்பவும் ஒழுங்காகச் சுற்றி வைத்தார்.

"தெருவுக்கே கற்கண்டு குடுத்துட்டு வந்திருக்கேன், சம்பந்தி" என்றார் அப்பாவிடம்.

அப்பா சுவரைப் பார்த்தார். எனக்கு லண்டனில் அடித்த அந்த மணி நினைவு வந்தது. அரைஞாண் சுருக்குப்பைக்குள் போனது.

பெயர் வைக்கும் நாளில் அக்காவின் மாமியார் மறுபடி வந்தார். அத்தான் வரவில்லை. சாப்பிட்டு முடித்து வெற்றிலை மடிக்கும்போது பேச்சை எடுத்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. வெளியில பொண்ணெடுத்தா, வர்றவ இவளை வாழ விடுவாளா? உங்க சின்னவளைக் குடுங்க. கூடப் பொறந்தவன்னா அனுசரிச்சுப் போவா."

என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பது புரிந்தது. கையில் தண்ணீர்ச் செம்பு இருந்தது. அதை எங்கே வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். "யோசிச்சுச் சொல்றோம்" என்றார் அப்பா. சம்மதத்துக்கு முந்தைய சொல் அது என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும்.

"யோசிக்க வேணாம்ப்பா."

குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த அக்கா தலை நிமிராமல் சொன்னாள்.

"வேற எடத்துல பாருங்க, அத்தை. இவளுக்குப் பரீட்சை இருக்கு."

"ஒனக்கு நல்லதுக்குத்தாண்டி சொல்றேன்."

"தெரியும் அத்தை. வேற எடத்துல பாருங்க."

குழந்தையை மறுபக்கம் மாற்றிக்கொண்டாள். அவர் வெற்றிலையை மென்று முடித்து, பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று எழுந்தார். அக்கா மூன்றாம் மாதம் மூன்று பெண்களோடும் அம்பகரத்தூர் திரும்பினாள். பஸ்ஸில் ஏறும்போது, "நல்லா எழுது" என்றாள் என்னிடம்.

சித்திரையில் திருவாரூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி அந்த வீட்டுக்கு வந்தாள். கல்யாணத்துக்கு அழைத்திருந்தார்கள்; அப்பாவும் அம்மாவும் போய்வந்தார்கள். அந்த வாரம் எனக்குப் பரீட்சை. அந்த ராணியைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். ஆண் வாரிசு இல்லாமையால் தங்கை அரியணை ஏறினாள் என்று எழுதினேன்.