நூறு வேண்டாம், ஐம்பது போதும்

இருளாயியை, தேய்ந்த சிலிண்டரைக் கடையும் ரீபோர் மிஷினில் நிற்க விட்டதே பெரிய சலுகை என்று எங்கள் முதலாளி முகம்மது கௌஸ் நினைத்தார். சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பதினாறு வருஷம் பால்மரம் சீவியவள் அவள். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபின் ஈப்போவுக்கு வந்து, எங்கள் பட்டறையில் இஞ்சின் சாமான்களை மண்ணெண்ணெய்த் தொட்டியில் கழுவும் வேலைக்குச் சேர்ந்தாள். மிஷின்காரன் சிங்கப்பூருக்குப் போன மறுநாள், யாரையும் கேட்காமல் மிஷினை ஓட்டினாள். கடைந்தது சரியாக இருந்தது. “ஒரு சிலிண்டர் கெட்டாலும் மறுபடி தொட்டிதான்” என்று மட்டும் கௌஸ் சொல்லி வைத்தார்.

எண்பத்து மூன்றில் ஒரு செவ்வாய்க்கிழமை சதாசிவம் என்ற இளவட்டம் தன் ஸ்கிரம்ளர் மோட்டார் சைக்கிளின் சிலிண்டரைக் கொண்டு வந்தான். கோப்பேங் பக்கம் பழைய ஈயச் சுரங்க மணல்மேட்டில் வருகிற ஞாயிற்றுக்கிழமை அவனுக்குப் பந்தயம். சூட்டில் பிஸ்டன் இறுகி இஞ்சின் பிடித்துக்கொண்டு, சிலிண்டருக்குள் எல்லாம் கீறல்.

எங்கள் ஊர்ப் பட்டறைகளில் ஒரு வழக்கம் உண்டு. சிலிண்டருக்குள் கட்டைவிரல் நகத்தால் உரசிப் பார்ப்பார்கள். நகம் மாட்டினால் நூறு போடு என்பார்கள். நூறு என்றால் பழையதைவிட ஒரு மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன்; ஐம்பது என்றால் அரை, இருபத்தைந்து என்றால் கால். அதற்கு மேல் சைஸ் கிடையாது. அடுத்த தடவை கெட்டால் சிலிண்டரைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

சதாசிவமும் உரசினான். “மாட்டுது பாய். நூறு போடுங்க. பெருசு போட்டா பவரும் ஏறும்லா.”

இருளாயி அளவுக் கருவியை உள்ளே விட்டு மேலே, நடுவில், அடியில் அளந்தாள். குறுக்கே திருப்பி இன்னொரு முறை அளந்தாள்.

“முப்பத்தொண்ணு தேஞ்சிருக்கு. இருபத்தஞ்சு பத்தாது. அம்பது போதும்.”

“அக்கா, நீங்க மரம் சீவுன ஆளு. இது இஞ்சின்லா.”

“மரம் சீவுனதாலதான் சொல்றேன். பட்டையைத் தடியா சீவித் தள்ளுனா மறு வருசம் கத்தி வைக்க எடம் இருக்காது. கங்காணி எங்களைத் திட்டுனதே அதுக்குத்தான்.”

“கேக்குறவன் நூறு கேக்குறான். கடைஞ்சு குடு” என்றார் கௌஸ்.

“அப்ப மிஷினை நீங்களே ஓட்டுங்க முதலாளி.”

கௌஸுக்கு ஓட்டத் தெரியாது. “சரி, உன் இஷ்டம். கெட்டுச்சு, தொட்டிக்குப் போயிரணும்.”

“போறேன்.”

முகப்பில் சாமான் எடுத்துக் கொடுப்பது என் வேலை; ஐம்பது சைஸ் பிஸ்டனை எடுத்துக் கொடுத்தேன். மற்றவர்கள் கடைந்த பிறகு பிஸ்டன் தேடுவார்கள். அவள் பிஸ்டனைக் கையில் வாங்கி, அதை அளந்த பிறகே மிஷின் சுவிட்சைத் தட்டினாள்.

கடைந்து எடுத்தபோது புகை போகும் துளைக்கருகே ஒரு கோடு மிச்சமிருந்தது. சதாசிவம் நகத்தை வைத்தான்.

“இந்தா, மாட்டுது. அப்பவே சொன்னேன்ல?”

கௌஸ் தொட்டியைப் பார்த்தார்.

“அளக்குற கருவி முனை அந்தக் கீறலுக்குள்ள போகல, ஆழம் தெரியல. அது என் தப்பு” என்றாள் இருளாயி. “வேலை இன்னும் முடியல. தள்ளி நில்லு.”

மெருகு போடுவதற்கென்று மயிரிழையில் பாதி விட்டு வைத்திருந்தாள். அதற்குள் கோடு போகவில்லையென்றால் ஐம்பது செல்லாது. எண்ணெய் ஊற்றி மெருகுக் கல்லை ஓட்டினாள். நிறுத்தித் துடைத்து அளந்தாள். கோடு மெலிந்திருந்தது, போகவில்லை. மறுபடி ஓட்டினாள். அப்போதும் இருந்தது. மூன்றாம் தடவை துடைத்தபோது கோட்டைக் காணோம். சதாசிவத்தின் நகம் வழுக்கிக்கொண்டு போனது. வளையம் மாட்டாத பிஸ்டனை அவள் மேலே வைத்தாள். அது தன் பாரத்திலேயே அவசரமில்லாமல் இறங்கியது; அளவு சரி என்பதற்கு அதுதான் அடையாளம்.

“ரெண்டு நாள் மெதுவா ஓட்டு. மொத நாளே முறுக்குனா திரும்ப இங்கதான் வரணும்.”

ஞாயிற்றுக்கிழமை பந்தயத்தில் அவன் நாலாவதாக வந்தான். இஞ்சின் மறுபடி இறுகிப் பிடித்துக்கொள்ளவில்லை. திங்கட்கிழமை கூட்டாளியின் சிலிண்டரோடு வந்து நின்றான். “அக்காகிட்ட குடுங்க பாய். அளந்து பாக்கட்டும்.”

கௌஸ் அதை இருளாயியிடம் நீட்டினார். “இந்தத் தடவை பொழைச்ச. இனிமே கேக்குறவன் சொல்ற சைஸைப் போடு.”

“அப்ப இனிமேலும் சண்டைதான் முதலாளி” என்று சொல்லிக்கொண்டே அவள் அதைத் துடைக்க ஆரம்பித்தாள்.