வயோமிங்கில் ஒரு வாக்கு

சனிக்கிழமைகளில் வேலை முடியும்போது அம்மாவின் வலது காதில் வேறு ஆட்களின் மணம் இருக்கும். அவருக்கு முந்திய "ஷிஃப்ற்"றில் அந்த ஹெட்போனை மாட்டியிருந்தவரின் ஷாம்பூவும், அதற்கும் முந்தியவர் புகைத்த சிகரெட்டும் அதன் பஞ்சில் ஊறி, பஸ் ஏறி எங்கள் வெக்ஸ்போர்ட் அப்பார்ட்மென்ற் வரை அவருடன் வந்துவிடும். வந்ததும் வராததுமாகச் சவர்க்காரம் போட்டுக் காதைத் தேய்ப்பார்.

எனக்கு அப்போது பதினொரு வயது. மன்னாரிலிருந்து வந்து மூன்று வருடங்கள் ஆகியிருந்த அம்மாவுக்கு, லோறன்ஸ் அவெனியூவில் ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில், எல்லைக்கு அப்பால் இருக்கும் அமெரிக்கர்களைத் தொலைபேசியில் அழைத்து அவர்கள் யாருக்கு வாக்களிக்கப் போகிறார்கள் என்று கேட்கும் வேலை கிடைத்திருந்தது. அந்த இலையுதிர்காலம் முழுவதும் வயோமிங். ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போக மைல்கணக்கில் வண்டி ஓட்டவேண்டிய அந்த மாநிலம் முழுவதற்கும் கொங்கிரஸின் கீழ்ச்சபையில் ஒரே ஓர் உறுப்பினர்தான். யார் வெல்வார் என்பதும் தொடக்கத்திலேயே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இருந்தாலும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதே வீடுகளை அழைத்து, அதே கேள்விகளைக் கேட்கவேண்டும். மரியபுஷ்பம் என்ற பெயர் அங்கே யாருக்கும் வாயில் வராது என்பதால் அம்மா அங்கே "மேரி".

கேள்வித்தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து, குசினி மேசையில் என் முன்னால் வாசித்துப் பழகுவார். நான் இரக்கமில்லாத வாத்தியாராக இருந்தேன். "வோட்" என்பதை அவர் "போட்" என்றால் பென்சிலால் மேசையில் தட்டுவேன். மறுமுனையில் யாராவது பேசும்போது இடையிலே "ஓம், ஓம்" என்று சொல்லும் பழக்கத்தைச் சொல்லிச் சொல்லி நிறுத்தினேன். அம்மாவின் ஆங்கிலத்தை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது என்பதை இப்போதாவது ஒப்புக்கொள்ள வேண்டும்.

அப்பா சனிக்கிழமையும் தொழிற்சாலைக்குப் போனதால், அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போய்ச் சாப்பாட்டு அறையில் இருத்துவார். அந்த அறையின் கதவுக்கு வெளியே முதல் மேசை அவருடையது. அவர் பேசுவது எனக்குக் கேட்கும். ஆட்கள் சட்டென்று தொலைபேசியை வைத்துவிடுவதும், அவர் தோளைச் சற்றே இறக்கி அடுத்த எண்ணுக்குப் போவதும் தெரியும்.

தேர்தலுக்கு முந்திய சனிக்கிழமை, ஏற்கெனவே மூன்று தடவை கேள்விகளுக்குப் பதில் சொல்லியிருந்த ஒரு பண்ணைக்காரரின் பெயரைச் சொல்லி, அவர் இருக்கிறாரா என்று அம்மா கேட்டார். அந்த மனிதர் வியாழக்கிழமை மாட்டுக் கொட்டிலில் விழுந்து இறந்துபோனார் என்று அவருடைய மனைவி சொல்லியிருக்கிறார். வீட்டில் பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட வேறு யாராவது உண்டா என்பதுதான் தாளில் இருந்த அடுத்த கேள்வி. அம்மா அந்த வரியில் விரலை வைத்திருந்தார். ஆனால் அதை வாசிக்கவில்லை. "தனியாகவா இருக்கிறீர்கள்?" என்று தன்னுடைய ஆங்கிலத்தில் கேட்டார்.

கனநேரம் பேசினார்கள். நான் திருத்தி எடுத்த பிழைகள் எல்லாம் ஒன்றுவிடாமல் திரும்பி வந்தன. "ஓம், ஓம்" கூட. மறுமுனையில் இருந்தவர் தொலைபேசியை வைக்கவில்லை.

"நான் என்ர வாழ்க்கையிலை ஒருக்காலும் வோட் போட்டதில்லை" என்ற பொருள்பட அம்மா சொன்னது கேட்டது. "நீங்கள் போங்கோ. ஆரையாவது கேட்டு, அவையோடை போங்கோ."

வேலையை மேற்பார்வை செய்த சுபா, இங்கேயே வளர்ந்த தமிழ்ப் பெண், தன் மேசையிலிருந்து அந்த அழைப்பைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். எழுந்து வந்தாள். அவளுக்கும் களைத்த முகம்.

"அன்ரி, அவையை வோட் போடச் சொல்லக்கூடாது. இற்ஸ் இன் த றூல்ஸ். எல்லாம் றெக்கோர்ட் ஆகுது, நான் றிப்போர்ட் பண்ணத்தான் வேணும்."

"தெரியும் பிள்ளை" என்றார் அம்மா. "போறதோ விடுறதோ எண்டு அவ கேட்டவ. நான் சொன்னன்."

அன்றே அவரை அந்த வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். தேவைப்பட்டால் கூப்பிடுவதாகச் சொன்னார்கள், கூப்பிடவில்லை. வீடு திரும்பும் பஸ்ஸில்தான் அம்மா மிச்சத்தைச் சொன்னார். வாக்குச்சாவடி நெடுந்தூரம், பனி கொட்டியிருக்கிறது, இத்தனை வருடமும் அந்தப் பெண்ணைப் புருஷன்தான் ட்ரக்கில் ஏற்றிப் போனவர். "எங்களுக்கு ஊரிலை ஒவ்வொரு எலெக்‌ஷனுக்கும் ஒவ்வொரு அகதிக் காம்ப்" என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். "இஞ்சை இன்னும் சிற்றிசன் இல்லை."

தேர்தலுக்கு மறுநாள் காலை, பள்ளிக்கூடத்துக்குப் போகுமுன் ரிவியில் முடிவுகளைப் பார்த்தோம். வயோமிங்குக்குச் சில விநாடிகள்தான் கிடைத்தன, எதிர்பார்த்தவரே வென்றிருந்தார்.

"எல்லா வோட்டும் எண்ணிப் போட்டினமோ?" என்று அம்மா கேட்டார்.

"அதுக்கு எண்ணத் தேவையில்லை அம்மா, முதலே தெரியும்தானே" என்றேன், சப்பாத்துக் கட்டிக்கொண்டே.

"அப்ப அவ போயிருந்தா?"

நான் பஸ்ஸுக்கு ஓடிவிட்டேன். அம்மா அதன்பிறகு பத்து வருடம் வோபர்னில் ஒரு பேக்கரியில் வேலைக்கு நின்றார்.

அந்த இரண்டாம் மாடி இப்போது இல்லை. கட்டடத்தை இடித்துவிட்டு, ஆட்கள் வீட்டில் வைக்க இடமில்லாத சாமான்களைப் பூட்டிவைக்கும் கூடம் கட்டியிருக்கிறார்கள். தெரியாத எண் என்றால் நான் தொலைபேசியை எடுப்பதே கிடையாது. அம்மா எடுப்பார். பிரஜாவுரிமை கிடைத்த நாளிலிருந்து ஒரு தேர்தலையும் விட்டதில்லை. அவர் வாக்களித்தவர்களில் பெரும்பாலானோர் தோற்றுப்போனார்கள்.

சென்ற மாதம் நான் அவரிடம் போயிருந்தபோது ஒரு கருத்துக்கணிப்பு அழைப்பு வந்தது. அம்மா கதிரையை இழுத்துப்போட்டு அமர்ந்து, பெயரைச் சொல்லி, வணக்கம் சொல்லி, காத்திருந்தார். பிறகு மெல்ல வைத்தார்.

"ஆரம்மா?" என்றேன்.

"ஒருத்தரும் இல்லைப் பிள்ளை. ஒண்டை அமத்து, ரெண்டை அமத்து எண்டு ஒரு மெஷின் கதைக்குது."