பிரிஸ்கில்லா போட்ட ஜாமீன்

என் தங்கை பிரிஸ்கில்லா தையல் வேலை செய்கிறாள். உத்திரமேரூருக்கு ஆறு கிலோமீட்டர் தள்ளி, எங்கள் இருவர் பேரிலும் உள்ள ஓட்டு வீட்டில் இருக்கிறோம். எங்கள் சபைப் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்து, ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குக் கொண்டுவருவார்கள். அந்தப் பிடியரிசியைச் சமைத்து, சந்தைக் கொட்டகையில் படுத்திருக்கும் வீடில்லாதவர்களுக்குக் கொண்டுபோக ஆரம்பித்தவள் அவள்தான். நான்கு வருடத்தில் ஒரு ஞாயிறுகூட விட்டதில்லை.

போன ஆனியில் கொட்டகையில் பலகை வைத்தார்கள்: இங்கே படுத்தால் வழக்கு. அடுத்த வாரமே, அங்கே படுத்திருந்த சிட்டம்மாளைப் போலீஸார் பிடித்துப் போனார்கள். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். சந்தேகத்துக்கு இடமாகத் திரிந்தாள் என்று எழுதியிருந்தார்கள். சொந்த வீடு உள்ள இரண்டு பேர் ஜாமீன் கையெழுத்துப் போட்டால்தான் விடுவார்களாம்.

சபையில் மூத்தவரான மலர்க்கொடி அக்கா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: "சோறு போடறது தர்மம். கேஸுல தலைய வுடறது பேஜாரு."

"துன்னுட்டு அது எங்க படுக்கும், அக்கா?" என்றாள் பிரிஸ்கில்லா. " படுத்தா புடிக்கிறாங்களே. இனிமே அரிசியோட நம்ம கையெழுத்தும் போவணும்."

"வூட்டையே எழுதிக் குடுத்துடுவ போலக்கீதே!"

"பாதி என்னுது. மீதிக்கு எங்கண்ணன் கீறாரு."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். சரி என்று தலையாட்டினேன். இருவரும் கையெழுத்துப் போட்டோம்; சிட்டம்மாளை விட்டார்கள், அவள் கொட்டகைக்கே திரும்பினாள். வாய்தாவுக்கு அவள் வராவிட்டால் பிடிவாரண்ட், அப்புறம் ஜாமீனே கிடையாது, உங்களையும் கேட்பார்கள் என்று வக்கீல் புருஷோத்தமன் இரண்டு முறை சொன்னார். அவரும் எங்களிடம் எதுவும் வாங்காமல் வந்தவர்தான்.

வாய்தா வியாழக்கிழமை பத்தரைக்கு. "காலையில எட்டு மணிக்குக் கொட்டகையிலயே இரு பெரிம்மா, நாங்க வந்து கூட்டிக்கினு போறோம்," என்று பிரிஸ்கில்லா முந்தின நாளே சிட்டம்மாளிடம் சொல்லியிருந்தாள்.

எட்டுக்கு ஐந்து நிமிடம் முன்பே போய்விட்டோம். சிட்டம்மாள் இல்லை. அவள் மூட்டையும் இல்லை.

"போலீஸ் ஜீப் வந்துச்சி," என்றார் டீக்கடை ஏகாம்பரம். "இன்னா இங்க உக்காந்துக்கினு கீறன்னு ஒரு அதட்டு. கெய்வி எந்தப் பக்கம் ஓடிச்சின்னே தெரியல."

எங்கள் தப்பு அப்போதுதான் உறைத்தது. எந்த இடத்தில் இருந்ததற்காகப் பிடித்தார்களோ, அங்கேயே அவளைக் காத்திருக்கச் சொல்லியிருக்கிறோம். வீடு உள்ளவர்களுக்குத்தான் இப்படிச் சொல்லத் தோன்றும்.

பஸ் நிலையம், கோயில் வாசல், ஏரிக்கரை என்று ஓடினோம். மணி ஒன்பதே முக்கால். அந்த வயதில் அவளைச் சிறையில் தள்ளிவிடுவார்களே என்று பயந்தேன். அப்பா கூலிக்கு உழைத்துக் கட்டிய வீடும் கண்முன் நின்றது. "உன் பேச்சைக் கேட்டேனே!" என்று தங்கையிடம் கத்திவிட்டேன்.

அவள் முகம் வெளுத்திருந்தது. "ஏன் உக்காந்துக்கினு கீறன்னு எங்க கேக்க மாட்டாங்க, அண்ணா?" என்றாள். அடுத்த நிமிடமே அரசு ஆஸ்பத்திரிப் பக்கம் ஓடினாள்.

வெளிநோயாளிகள் வரிசையில், கையில் சீட்டோடு உட்கார்ந்திருந்தாள் சிட்டம்மாள்.

"உடம்புக்கு இன்னா பெரிம்மா?"

"ஒண்ணுமில்லம்மா. சீட்டு வாங்கிட்டா இங்க யாரும் வெரட்ட மாட்டாங்க."

மூன்றாவது முறையாகப் பேரைக் கூப்பிடும்போது கோர்ட்டுக்குள் நுழைந்தோம். தூங்கியது தவிர இவர் செய்த குற்றம் என்ன என்று வக்கீல் கேட்டார். பதில் சொல்ல போலீஸ் தரப்பு அவகாசம் கேட்டது. அடுத்த மாதம் ஒன்பதாம் தேதி மறு வாய்தா.

வெளியே வந்ததும் பிரிஸ்கில்லா என்னைப் பார்த்தாள். அவள் கேட்பதற்கு முன் நானே சொன்னேன்: "அது வரிக்கும் நம்ம வூட்லயே இருக்கட்டும்."

வீட்டுக்கு வந்தும் சிட்டம்மாள் மூட்டையைப் பிரிக்கவில்லை. கதவை ஒட்டியே உட்கார்ந்தாள். மாலையில் தெருவில் வண்டிச் சத்தம் கேட்டதும் எழுந்துவிட்டாள்.

"யாருன்னு கேட்டா நான் இன்னான்னு சொல்றது?"

"எங்கண்ணன் இருக்கச் சொன்னாருன்னு சொல்லு," என்றாள் பிரிஸ்கில்லா. ஆனால் தையல் மெஷினை மிதிப்பதை அவளும் நிறுத்தியிருந்தாள்.

நான் எழுந்து வாசலுக்குப் போனேன். பால் வண்டிதான். அது தெருமுனை திரும்பும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தேன்.