எலிக்காகப் பேசியவன்

குலுக்கிப் போட்ட சீட்டைப் பிரித்தேன். ‘எலி’ என்றிருந்தது.

மலேசியாவின் கிள்ளான் நகரில் எங்கள் குடியிருப்புச் சங்கம் ஆண்டுதோறும் தீபாவளிக்குப் பட்டிமன்றம் வைக்கும். இன்று என் மாமனாராக இருப்பவர்தான் நிரந்தர நடுவர். அப்போது அவரை மாமனார் ஆக்கிக்கொள்ள நான் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தேன். அவருடைய மகளுக்கும் எனக்கும் பிடித்துப்போயிருந்தது. அவருக்குத்தான் என் வேலை பிடிக்கவில்லை. சுபாங் ஜெயாவில் எலி, கரப்பான் ஒழிக்கும் கம்பெனியில் இருந்தேன். “எலி பிடிக்கிறவனுக்கா என் பொண்ணு?” என்று அவர் கேட்டது என் காதுக்கும் வந்து சேர்ந்திருந்தது.

அந்த ஆண்டுத் தலைப்பு, அறிவியல் ஆசிரியையான அவர் மகளின் கைவரிசை: ‘சதுப்பு நிலத்தில் வாழத் தெரிந்தது எலியா, மார்க்கான்ஷியாவா?’ மார்க்கான்ஷியா என்பது ஈரத் தரையோடு ஒட்டிப் படரும், ஈரல் வடிவப் பச்சைச் செடி. அதன் பக்கம் பேச அவளுக்கே சீட்டு விழுந்தது. நான் ஜெயித்தால் அவளுக்குக் கோபம், தோற்றால் அவள் அப்பாவுக்கு இளக்காரம்.

“எலி நீந்தும், வளை தோண்டும். தண்ணி ஏறினா குட்டியைக் கவ்விக்கிட்டு மேட்டுக்கு ஓடிரும். செடி என்ன செய்யும்? மூழ்கும் லா!” என்றேன். கைதட்டல் எழுந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அவள் நிதானமாக எழுந்தாள். “இந்தச் செடி மேல சின்னச் சின்னக் கிண்ணம் இருக்கும். மழைத்துளி விழுந்தா உள்ள இருக்கிற துணுக்கு தெறிச்சுப் போய், விழுந்த இடத்துல புதுச் செடியா வரும். மழைக்கு எலி ஓடுது. இது மழையையே வேலை வாங்குது.” பிறகு என்னைப் பார்த்தாள். “எலியை இவ்வளவு புகழ்றீங்களே, நாளைக்கு வேலைக்குப் போய் என்ன செய்வீங்க?”

மண்டபமே சிரித்தது. நடுவர் சிரிக்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மழுப்பியிருக்கலாம், மனம் வரவில்லை.

“பொறி வைப்பேன். வேற என்ன? அதான் என் சோறு. ஆனா, அதுக்கு மூளை இருக்குன்னு மதிச்சுத்தான் வைப்பேன்.”

தீர்ப்பு செடிக்கே போனது. மழையை வேலை வாங்குகிறவளோடு யார் மல்லுக்கட்டுவது? வாசலில் குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது நடுவர் பக்கத்தில் வந்து நின்றார்.

“இத்தனை பேர் சிரிச்சும் தொழிலை விட்டுக்கொடுக்கல. ஞாயித்துக்கிழமை அப்பா அம்மாவைக் கூட்டிட்டு வீட்டுக்கு வாங்க, தம்பி.”

சந்தோஷத்தில் யாருடைய செருப்பையோ மாட்டிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தேன்.