வாசலில் நாற்பது நிமிடம்

ஆர்லிஸ் என்ற பெயரை நான் முதலில் கேட்டது லூத்தரன் சர்ச்சின் சமையலறையில், உருளைக்கிழங்குத் தோல் சீவிக்கொண்டிருந்தபோது. "டெல்மர் கல்யாணம் பண்ணிக் கூட்டிட்டு வந்திருக்கான், பொண்ணு பேரு ஆர்லிஸாம்," என்றாள் என் சித்தி. மூச்சு விட்டுவிட்டு, "புதுக் கார்ல," என்றாள். பெண்ணைப் பார்க்க ஓடியவர்கள் பாதி, காரைப் பார்க்க ஓடியவர்கள் பாதி. அவள் ஆற்றுக்கு வடக்கே இருந்த டீடமன் வீட்டுப் பெண். என் மாமியாருடைய அண்ணியும் அந்த டீடமன் கூட்டம்தான்.

அந்தக் காரை டெல்மர் நினைவு நாள் தள்ளுபடியில் வாங்கினான். பிறகு வாங்கிய ஐந்தும் அப்படித்தான். மே மாதக் கடைசித் திங்களான நினைவு நாள் இறந்தவர்களுக்கு. அதற்கு முந்தின சனிக்கிழமை காருக்கு. அவன் கடைக்குள் போவான், ஆர்லிஸ் பழைய காரில் பின்னலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒரு மணி நேரம் கழித்துச் சாவியை ஆட்டிக்கொண்டு வருவான்.

"ரொம்ப சுலபம் ஆர்லிஸ். நம்பர ஒரே தடவ சொல்லணும். அவன் முடியாதுன்னு தலைய ஆட்டினா எந்திரிச்சு வாசலுக்கு நடக்கணும். வாசல் தாண்டறதுக்குள்ள கூப்பிடுவான்."

டெல்மர் போய்ச் சேர்ந்து மூன்று வருடம் ஆனபோது பழைய வெள்ளைக் கார் இருமத் தொடங்கியது. "ஊருக்குள்ள ஓட்டுங்க. நெடுஞ்சாலைக்குக் கொண்டு போயிடாதீங்க," என்று மெக்கானிக் சொல்லிவிட்டான். அவளுக்கு ஊருக்குள் என்ன வேலை? அவள் அக்கா லவோன் ஐம்பத்திரண்டு மைல் தள்ளி முதியோர் இல்லத்தில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் ஆர்லிஸ் போனால்தான் லவோனுக்கு மனித முகம். ஆர்லிஸுக்கும் அப்படியே.

ஆகவே ஜனவரியில், பனி ஜன்னல் வரை குவிந்திருந்தபோதே, தானியக் கிடங்கு கொடுத்த காலண்டரில் மே மாதத்து அந்தச் சனிக்கிழமையைச் சுற்றி வட்டம் போட்டாள். செய்தித்தாள் விளம்பரங்களை வெட்டிக் கேக் தட்டில் சேர்த்தாள். புதுக் கார் நுழைய இடம் இருக்குமா என்று, டெல்மரின் வேலை மேசை கொட்டகையில் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என துணி உலர்த்தும் கயிற்றால் அளந்தாள். தினமும் காப்பி குடித்த பிறகு சமையலறையில் நின்று, "பதினாறாயிரத்து ஐந்நூறு டாலர். அதுக்கு மேல இல்ல," என்று சொல்லிப் பழகினாள்.

"நீயா கார் வாங்கப் போற?" என்றாள் லவோன் தொலைபேசியில். "கோழி வாங்கவே டெல்மரக் கேட்டுட்டுத்தான் வாங்கினவ."

"நாலு மாசமா ஒத்திகை பாக்கறேன்."

"யாருகிட்ட?"

"ஃப்ரிட்ஜ்கிட்ட."

"எவ்வளவு குறைச்சுது?"

சனிக்கிழமை வந்தது. டெல்மர் எப்போதும் வாங்கிய ரீமர் கார் கடை வாசலில் கொடி, பலூன், இலவச ஹாட் டாக். கடை இப்போது பழைய முதலாளி வெண்டலின் மகன் கென்டல் கையில். அவள் மனதில் குறித்து வைத்திருந்த நீலக் கார் முன்வரிசையிலேயே நின்றது.

"பதினெட்டாயிரத்து இருநூறுக்குத் தர்றேன் மேடம். உங்களுக்காக," என்றான் கென்டல், உள்ளே மேசைக்கு எதிரே அவளை உட்கார வைத்து.

ஆர்லிஸ் நம்பரைச் சொன்னாள். குரல் நடுங்கவில்லை. கென்டல் கழுத்தைச் சொறிந்து, முடியாது என்று மெதுவாகத் தலையை ஆட்டினான்.

"அப்ப சரி. நன்றி," என்று எழுந்து நடந்தாள். பத்தடி, எட்டடி, ஐந்தடி. பின்னால் வேகமாகக் காலடிச் சத்தம் கேட்டது. கூப்பிடப் போகிறான். கென்டல் அவளைத் தாண்டி ஓடி வந்து, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான்.

"பாத்துப் போங்க மேடம், படி ஈரமா இருக்கு."

அவள் வெள்ளைக் காரில் ஏறிக் கண்ணாடிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் உள்ளேயிருந்து கையசைத்தான். வேறென்ன செய்வது, அவளும் கையசைத்தாள்.

சர்ச்சுக்குப் போய் வந்த நேரம் தவிர ஞாயிறு முழுக்கத் தொலைபேசிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். கார் கடைக்காரன் மனம் மாறிக் கூப்பிடுவான் என்ற எண்ணம். மூன்று மணிக்கு மணி அடித்தது. லவோன்.

"என்னடி, புதுக் கார்ல வர்றேன்னியே..."

"வச்சிடு வச்சிடு! லைன் வேணும் எனக்கு," என்று வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அது அடிக்கவில்லை. இருட்டும்வரை அக்காவின் குரலை வெட்டின அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கள் காலை, காப்பி டப்பாக்களில் வெள்ளித்தாள் சுற்றி, பியோனிப் பூக்களை வைத்து டெல்மரின் கல்லறைக்கு எடுத்துப் போனாள். இரண்டு வரிசை தள்ளி, மனைவியின் கல்லருகே வெண்டல் தடியூன்றி நின்றார். டெல்மருக்கு ஆறு காரும் விற்றவர் அவர்தான்.

"பூ நல்லா வந்திருக்கு ஆர்லிஸ்."

"எறும்புதான் ஜாஸ்தி."

வெண்டல் தடியால் புல்லைக் கிளறினார். "கென்டல் மேல ஏதோ கோவமாமே உனக்கு?"

"கோவமா? நான் பேரம் பேசினேன் வெண்டல்!"

"சடக்குனு எந்திரிச்சுப் போனா அதுக்குப் பேரு பேரமா? பய அரண்டு போயிட்டான். 'நான் என்னப்பா தப்பா சொன்னேன்'னு சாப்பிடறப்போ மூணு தடவ கேட்டான்."

"டெல்மரும் இப்படித்தானே வாசலுக்கு நடப்பார்?"

"நடப்பான். நடந்து, அங்கயே நின்னு பேசுவான். மழை, மாடு, எங்க அத்தையோட முழங்கால் வலி. நாற்பது நிமிஷம்! என் கால் தாங்காமத்தான் நான் விலையக் குறைச்சேன்."

எங்கள் பக்கத்தில் எழுந்தவுடன் போகிறவர் யாரும் இல்லை. முழங்காலைத் தட்டி "சரி, அப்ப" என்று எழுந்தால் வாசலில் கால் மணி, படியில் கால் மணி, கார் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம். ஆர்லிஸும் சர்ச்சில் அப்படித்தான் நிற்பாள். ஆனால் கார் கடை வேறு உலகம், அங்கே டெல்மர் சண்டை போடுகிறான் என்றே நினைத்து நாற்பத்தொரு வருடம் காரில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தாள்.

"நீ ஒரு தடவ ஆப்பிள் பை சுட்டப்போ சர்க்கரைக்குப் பதிலா உப்பப் போட்டியாமே, அதச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்."

"அதப் போயா சொன்னாரு!" என்று கல்லைத் திரும்பிப் பார்த்தாள்.

மாலை நான்கு மணிக்குக் கடைக்குப் போனாள். முன்வரிசையில் நீலம் இருந்த இடம் காலி. நேற்றே விற்றுவிட்டதாம். மிச்சம் ஒரு சிவப்பு, அதே விலை. சிவப்பு அவளுக்குப் பிடிக்காது. தீயணைப்பு வண்டி மாதிரி இருக்கிறது என்று நினைத்தாள். விலை கேட்காமல் வாசல் வரை நடந்தாள். அங்கே நின்றாள்.

"மழை வரும் போலிருக்கே கென்டல்."

அவன் முகம் தெளிந்தது. "வந்தா நல்லதுதான் மேடம். மக்காச்சோளம் கேக்குது."

மழையில் தொடங்கி அவன் மகளின் பல் கம்பிக்குப் போய், அங்கிருந்து எப்படியோ லவோனுக்கு வந்தது. முதியோர் இல்லத்தில் லவோனின் அறைக்கு ஒரே ஒரு ஜன்னல். ஞாயிறு மதியம் அவள் அங்கே உட்கார்ந்து வண்டி நிறுத்துமிடத்தைப் பார்ப்பாள். "நேத்து அவ கூப்பிட்டா. நீ கூப்பிடுவேன்னு நான் வச்சிட்டேன்," என்றாள். டெல்மரைப் புதைத்த நாளுக்குப் பிறகு யாரோடும் இவ்வளவு நேரம் பேசியதில்லை. கார் என்று ஒன்று இருப்பதையே மறந்திருந்தாள்.

கென்டல் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறினான். "மேடம், அந்தச் சிவப்ப உங்க நம்பருக்கே எடுத்துக்குங்க. எனக்குக் கால் வலிக்குது."

வீட்டுக்கு ஓட்டி வந்து, கயிறு சொன்னபடியே மேசைக்குப் பக்கத்தில் ஒரு சாண் இடம் விட்டு நிறுத்தினாள். உள்ளே போய் எண்களைச் சுழற்றினாள்.

"வாங்கிட்டேன் லவோன். சிவப்பு."

"இப்ப லைன் காலியா?" என்றாள் லவோன். ஆர்லிஸ் தொலைபேசிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். "ஃப்ரிட்ஜ் என்ன சொல்லுச்சு?" என்றாள் லவோன்.

இரண்டு வருடம், பனிப்புயல் நாட்கள் தவிர எல்லா ஞாயிறும் அந்தக் கார் ஐம்பத்திரண்டு மைல் போய் வந்தது. கிளம்பும்போது அறை வாசலில் நிற்கும் நேரம் வாரா வாரம் நீண்டுகொண்டே போனது. போன மார்ச்சில் லவோன் தூக்கத்தில் போய்விட்டாள்.

இப்போது ஆர்லிஸ் தானியக் கிடங்குத் தெருவில் அதே வீட்டில் இருக்கிறாள். எண்பத்திரண்டு வயது. சனிக்கிழமை பாலும் ரொட்டியும் வாங்கச் சிவப்புக் காரை எடுக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அது கொட்டகையில் நிற்கிறது.