நீலப்பயல் இல்லாத புதன்கிழமை

வெர்னாவுக்கு ராய்ஸைப் பிடிக்காமல் போனதற்கு ஒரு பம்புதான் காரணம். வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். மினசோட்டாவில் தலை நரைக்கும்வரை பள்ளிப் பேருந்து ஓட்டியவள், பனியில் சறுக்கிய வண்டியைப் பிள்ளைகளோடு பத்திரமாக நிறுத்தியவள், ஊரான் மலத்தை அரைத்துத் தள்ளுகிற ஒரு பம்பைப் பார்த்து வயிறெரிந்து கிடந்தாள்.

குளிர் தொடங்கியதும் அரிசோனாப் பாலைவனத்துக்குக் கேரவன் என்கிற சக்கர வீட்டை வண்டியில் மாட்டி இழுத்துவந்து, வெயில் ஏறும்வரை அங்கேயே கிடக்கிற கூட்டம் அது. குழாய் கிடையாது, சாக்கடை கிடையாது. ஒவ்வொரு கேரவனின் வயிற்றிலும் இரண்டு தொட்டிகள். கக்கூஸில் போவது கறுப்புத் தொட்டிக்கு, பாத்திரம் கழுவியதும் குளித்ததும் சாம்பல் தொட்டிக்கு. நிரம்பினால் நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கிற கொட்டுமிடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். இதற்காகக் கேரவனைக் கிளப்புவது என்றால் துணிப்பந்தலைச் சுருட்டி, நாற்காலியை மடக்கி, வீட்டையே கட்டிக்கொண்டு போகிற பாடு.

அந்தப் பாட்டைத் தவிர்க்கத்தான் நீலப்பயல். நீல நிறப் பிளாஸ்டிக் தொட்டி, பின்னால் இரண்டு பொடிச் சக்கரங்கள், முன்னால் பிக்கப் வண்டியின் கொக்கியில் மாட்ட ஒரு கைப்பிடி. கேரவனிலிருந்து அதில் இறக்கி இழுத்துக்கொண்டு போய்க் கொட்டிவிடலாம். ஒரே ஒரு நிபந்தனை, ஆள் நடக்கிற வேகத்துக்கு மேல் போகக்கூடாது. போனால் சக்கரம் கழன்று ஓடும், அப்புறம் நடப்பதை யாரும் சாப்பாட்டு நேரத்தில் பேசமாட்டார்கள்.

புதன்கிழமை தோறும் வெர்னா தன் தொட்டியையும் பக்கத்துக் கேரவன் ஓபலின் தொட்டியையும் நீலப்பயலில் இறக்குவாள். ஓபல் கணவனை இழந்தவள், அயோவாக்காரி, ஓயாமல் பேசுவாள். பிக்கப்பில் முன்சீட்டில் ஏறிக்கொள்வாள். வண்டி ஊர்ந்து போகும். மருமகள் செய்த அநியாயம், முழங்கால் வலி, செத்துப்போனவனின் குறட்டை என்று எல்லாம் அந்தப் பாதையில்தான் வெளியே வரும். கொட்டி முடித்து, கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவி, ஊருக்குள் போய் ஆளுக்கு ஒரு துண்டு ஆப்பிள் பை சாப்பிடுவார்கள். வெர்னாவின் வாரத்தில் மற்ற நாட்களெல்லாம் அந்த ஒரு நாளுக்காக இருந்தன. அதை அவள் ஓபலிடம் சொன்னதில்லை. சொல்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

இந்த வருடம்தான் டெக்சாஸிலிருந்து ராய்ஸ் வந்து சேர்ந்தான். பிக்கப்பின் முதுகில் பெரிய தொட்டி, கையில் அந்தப் பம்பு, தோட்டத்துக் குழாய் போல ஒல்லியான நீண்ட குழாய். கேரவன் அடியில் பம்பை மாட்டி ஸ்விட்சைத் தட்டினால் உள்ளே இருப்பதையெல்லாம் அரைத்துக் கூழாக்கி மேலே அந்தத் தொட்டிக்குத் தள்ளிவிடும். மாலையில் எல்லாரும் நாற்காலியை வட்டமாகப் போட்டு உட்காருகிற நேரத்தில் அதைப் பற்றித்தான் பேச்சு.

"மிக்ஸி மாதிரி அரைக்குதுடி! ஒரு சொட்டு வெளிய இல்ல," என்றாள் ஓபல்.

"மிக்ஸின்னா அதுலயே சட்னி அரைச்சுக்கோயேன்," என்றாள் வெர்னா.

வட்டம் சிரித்தது. ராய்ஸும் சிரித்தான். அவன் சிரித்ததுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது.

"உங்க தொட்டியையும் குடுங்க மேடம், சும்மாவே செஞ்சு தரேன்," என்றான். டெக்சாஸ்காரன், எல்லாப் பெண்களுக்கும் மேடம்தான்.

"என்னோடத நான் பாத்துக்கறேன். இத்தன வருஷம் உங்களக் கேட்டா செஞ்சேன்?"

அடுத்த புதன்கிழமை வெர்னா நீலப்பயலை மாட்டி, வண்டியை உயிர்ப்பித்துக் காத்திருந்தாள். ஓபல் தன் பந்தலுக்கு அடியில் காபிக் கோப்பையோடு உட்கார்ந்து கையாட்டினாள்.

"ராய்ஸ் முடிச்சுட்டாருடி! உனக்கு இந்த வாரம் வேலை மிச்சம்!"

வெர்னாவும் கையாட்டினாள். தன் தொட்டியை மட்டும் இழுத்துக்கொண்டு போனாள். பக்கத்துச் சீட்டில் ஒரு ஜோடி ரப்பர் கையுறைதான் உட்கார்ந்திருந்தது. கடையில் பரிமாறுகிற பெண், "இன்னொரு அம்மா எங்க?" என்று கேட்டதும் ஆப்பிள் பையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டாள். திரும்பி வந்தால் ராய்ஸ் ஓபலின் பந்தலடியில் நின்றுகொண்டு, "அந்த ஏணிய இப்படிக் குடு ஓபல்," என்கிறான். மேடம் எங்கே போயிற்று? அன்று வெர்னா சூப்பில் உப்புப் போட மறந்தாள், மறந்ததற்கும் ராய்ஸையே திட்டினாள்.

அவன் செய்த குற்றம் என்று எதையும் விரல் நீட்டிக் காட்ட முடியவில்லை. நல்லவன். பணிவானவன். நல்லவனைப் பார்த்துப் பொறாமைப்படுவது எவ்வளவு கேவலம் என்பதும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்து என்ன பண்ண, பொறாமை கேட்டுக்கொண்டா வருகிறது?

இந்த நேரம் பார்த்து ஓபல் ஒரு நாள் காலையில் இரண்டு கேரவனுக்கும் நடுவில் வேலியில்லாத இடத்தைக் கடந்து வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"யாருகிட்டயும் சொல்லிராத. கக்கூஸத் தொடைச்சிட்டிருந்தேனா, கைத்துணி நழுவி உள்ள போயிருச்சுடி. வாத்துப் படம் போட்டது. பரவால்லதானே?"

கேட்பது பெரிய பாவத்தை ஒப்புக்கொள்கிற முகத்தோடு. தான் தின்று செரித்ததையும் மெல்லிய காகிதத்தையும் தவிர வேறெதுவும் கறுப்புத் தொட்டியில் போகக்கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம்.

நீலப்பயலின் அகலக் குழாய் என்றால் துணி எப்படியோ வழுக்கி வந்துவிடும். அரைக்கிற பம்பு என்றால் பல்லில் சிக்கும். வெர்னாவுக்கு அது அந்த நொடியே தெரிந்துவிட்டது. வாயைத் திறந்தாள். ஓபலின் தோளுக்கு மேல், தூரத்தில், ராய்ஸ் அவளுடைய பந்தல் கம்பியை நிமிர்த்திக்கொண்டிருந்தான்.

"ஒண்ணும் ஆகாது போ," என்றாள் வெர்னா.

புதன்கிழமை பட்டப்பகலில் எல்லாரும் பார்க்க ராய்ஸ் பம்பை மாட்டினான். "உள்ள வேற எதுவும் போடலையே ஓபல்?" என்று வழக்கம்போலக் கேட்டான். ஓபல் ஒரு கணம் வெர்னாவைப் பார்த்தாள். வெர்னா வானத்தைப் பார்த்தாள். "இல்லையே," என்றாள் ஓபல்.

பம்பு கொஞ்ச நேரம் ஓடியது, முனகியது, நின்றது. ராய்ஸ் தொட்டியின் வால்வை இழுத்து மூடினான். மூடியதாக நினைத்தான். துணியின் மறு நுனி வால்வின் வாயில் சிக்கியிருந்தது அவனுக்கு எப்படித் தெரியும்? பம்பைக் கழற்றியதும் கறுப்புத் தொட்டி மொத்தமும் அவன் மடியில் இறங்கியது.

டெக்சாஸ் பூட்ஸ் இரண்டும் நிரம்பின. வட்டத்து ஆட்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். எல்லாரையும்விட உரக்கச் சிரித்தது வெர்னா. பல வாரங்களுக்குப் பிறகு அவளுக்கு நெஞ்சு லேசாக இருந்தது.

ராய்ஸ் குனிந்து, பம்பின் வாயிலிருந்து எதையோ இழுத்தெடுத்தான். மஞ்சள் துணி, வாத்துப் படம். சிரிப்பு நின்றது. எல்லார் கண்ணும் ஓபலிடம் போயிற்று. ஓபலின் கண் மட்டும் வெர்னாவிடம் வந்தது. கேரவனுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வெர்னா நீலப்பயலை இழுத்து வந்து மிச்சத்தை அதில் இறக்கினாள். மண்வெட்டி எடுத்தாள், சுண்ணாம்பு தூவினாள். ராய்ஸ் வேண்டாம் என்று எவ்வளவு சொல்லியும் கேட்காமல் முட்டி போட்டு அள்ளினாள். முடித்துவிட்டுப் போய் ஓபலின் கதவைத் தட்டினாள். கதவு திறக்கவில்லை, கொசுவலை ஜன்னலுக்குப் பின்னால் முகம் மட்டும் தெரிந்தது.

"உனக்குத் தெரியும்ல?" என்றாள் ஓபல்.

"தெரியும்."

"அப்புறம் ஏண்டி சொல்லல?"

"பொறாமடி. போதுமா? அவன் வந்ததுலேருந்து நீ என் வண்டியில ஏறவே இல்ல."

"நீ எங்க கூப்பிட்ட?"

வெர்னாவுக்குப் புரியவில்லை.

"தொட்டி இல்லாம என்னைக்காவது என்ன வாடின்னு கூப்பிட்டியா? இத்தன வருஷத்துல ஒரு தடவ? தொட்டி நெறஞ்சா வருவ, என்னையும் ஏத்திக்குவ. நான் உனக்கு இழுக்கற சுமையில ஒண்ணுன்னு நெனச்சேன். சுமையக் கொறைக்கலாம்னு அவர்கிட்ட குடுத்தேன்." ஓபல் மூக்கை உறிஞ்சினாள். "அந்த நாத்தம் எனக்கு எப்பவுமே பிடிக்காது. உன்கூட வரத்தான் பிடிக்கும்."

ஜன்னல் மூடிக்கொண்டது.

அடுத்த புதன்கிழமை காலையில் வெர்னாவின் கேரவனடியில் ராய்ஸ் பம்பை மாட்டினான். அவளே போய்க் கேட்டிருந்தாள், அதற்கே ஒரு நாள் பிடித்தது. "வேற எதுவும் போடலையே மேடம்?" என்று கேட்டவனை முறைத்தாள். பிறகு கொக்கியில் எதுவும் மாட்டாத பிக்கப்பை ஓபலின் பந்தல் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"ஆப்பிள் பை சாப்பிடப் போறேன்," என்றாள். முன்சீட்டுக் கதவைத் தள்ளித் திறந்தாள். "வாடி."

ஓபல் எழுந்திருக்கவில்லை. காபியை முழுதாகக் குடித்தாள். கோப்பையைக் கழுவினாள். தொப்பியைத் தேடினாள். அப்புறம்தான் வந்து ஏறினாள், கதவை வேண்டுமென்றே ஓங்கிச் சாத்தினாள்.

வண்டி கிளம்பியது. நெடுஞ்சாலையில் ஏறியது. பின்னால் வந்த கார்கள் ஹாரன் அடித்துக்கொண்டே தாண்டிப் போயின. நடந்து போன ஒரு கிழவனும் நாயும்கூட இவர்களுக்குச் சமமாக வந்துகொண்டிருந்தார்கள். ஓபல் கண்ணாடியில் பின்னால் பார்த்தாள், வெர்னாவைப் பார்த்தாள்.

"பின்னாடி ஒண்ணும் இல்லடி. வேகமாப் போயேன்."

"தெரியும்," என்றாள் வெர்னா. காலை அழுத்தவில்லை. "ஆமா, அவன் எப்பலேருந்து உன்ன மேடம்னு கூப்பிடறத விட்டான்?"