மூன்று கால்களும் ஒரு முனகலும்

என் மாமா செய்த விமானத்துக்கு மூன்று கால்கள். மூன்றும் மடங்கும். இன்று இதைச் சொன்னால் பேரன்கள் கொட்டாவி விடுகிறார்கள். எழுபதுகளின் முடிவில், ஓசூரில், பறவைகளைத் தவிர வேறெதுவும் காலை மடக்கிக்கொண்டு பறந்து நான் பார்த்ததில்லை.

மாமா, அம்மாவின் தம்பி. எங்களோடு தங்கி, இரும்புத் தகடுகளை அச்சில் அடித்து வண்டிப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில், நாள் முழுக்கக் காதைப் பிளக்கும் பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தார். கனமில்லாத மரத்தில் அந்தச் சிறு விமானத்தைச் செய்து முடிக்க அவருக்கு இரண்டு மழைக்காலங்கள் ஆயின. கீழே நின்றபடி விமானத்தை இயக்கும் ரேடியோவையும் மடங்கும் கால்களையும் பெங்களூர் நண்பர் ஒருவர் கொடுத்தார். உடைந்தால் இன்னொன்று கிடையாது என்று சொல்லித்தான் கொடுத்தார்.

அந்தக் கால்களைப் பொருத்துவதுதான் பெரும்பாடு. சர்வோ என்ற தீப்பெட்டி அளவு மோட்டார் ஒரு கம்பியைத் தள்ளும். கால்கள் மடங்கி உள்ளே பூட்டிக்கொள்ளும். கம்பி மயிரிழை நீண்டிருந்தாலும் போதும், பூட்டிய பிறகும் மோட்டார் தள்ளிக்கொண்டே மெல்ல முனகும். முனகினால் பாட்டரி தீரும். ரேடியோவுக்கும் அதே பாட்டரிதான். தீர்ந்துவிட்டால் கீழிருந்து நாம் இடும் கட்டளை எதுவும் மேலே போய்ச் சேராது, விமானம் விழும்.

முனகலைக் கேட்டுச் சொல்வது என் வேலை.

"டேய், முனகுதா?"

"முனகுது மாமா."

கம்பியின் முனையைக் கால் சுற்றுத் திருகுவார். சுவிட்சைத் தட்டுவார். மூன்று கால்களும் தூக்கம் கலைந்ததுபோல் அசைந்து மடங்கும்.

"இப்ப?"

"கொஞ்சூண்டு."

"கொஞ்சூண்டுன்னா என்னடா கணக்கு? கடலையா வாங்கறே?"

இன்னொரு கால் சுற்று.

"சத்தம் நின்னுருச்சு மாமா!"

உடனே என் தலையைப் பிடித்து ஆட்டுவார். என்னைக் கேட்பதெல்லாம் என் காதைச் சோதிக்கத்தான் என்று நினைத்து, ஒவ்வொரு முறையும் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜூஜுவாடிப் பக்கம் ஆலைக்காகச் சமப்படுத்தி, இன்னும் கட்டடம் எழும்பாத நிலத்துக்குப் போனோம். நான் அப்போதே கவலைப்படுகிற பிள்ளை. மூன்று சக்கரங்களையும் மூன்று முறை எண்ணினேன். விமானம் ஓடியது, எழும்பியது. மாமா சுவிட்சைத் தட்டினார். கால்கள் மடங்கி வயிற்றுக்குள் மறைந்தன. சாலையில் லாரியை நிறுத்திவிட்டு டிரைவரோடு வந்த கிளீனர், "அட, காலை உள்ள இழுத்துக்கிச்சு பாருண்ணா!" என்று கத்தினான். நாங்கள் வீட்டுத் தரையில் கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருகியது, அங்கே தானாக நடந்துகொண்டிருந்தது.

மூன்றாவது வட்டத்தில், தொலைவில் ஒரு புள்ளியாக இருந்தபோது, வானம் சட்டென்று அமைதியானது. எஞ்சின் நின்றுவிட்டது. லாரிக்காரர்கள் பேச்சை நிறுத்தினார்கள். மாமா மட்டும் சிரித்த முகத்தோடு விமானத்தை இன்னும் மேலே ஏற்றிக்கொண்டிருந்தார்.

நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "மாமா! சத்தம் நின்னுருச்சு!"

"நின்னா நல்லதுதானேடா," என்றார்.

"எஞ்சின் மாமா! எஞ்சின் நின்னுருச்சு!"

திரும்பி என் வாயைப் பார்த்தார். பிறகு அவர் விரல்கள் பறந்தன. விமானத்தின் மூக்கைத் தாழ்த்தி, எங்கள் பக்கம் திருப்பி, சுவிட்சைத் தட்டினார். ஒன்று. இரண்டு. மூன்றாவது கால் வரவில்லை. நான் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். தரைக்கு ஓர் ஆள் உயரத்தில் அதுவும் இறங்கிப் பூட்டிக்கொண்டது. விமானம் ஓசையே இல்லாமல் மண்ணைத் தொட்டு, உருண்டு, நின்றது.

எல்லோரும் கை தட்டினார்கள். மாமா அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"எப்படா நின்னுச்சு?"

"அந்தப் பக்கம் திரும்பறதுக்கு முன்னாடியே."

என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தார். "இனிமே நீ என் பக்கத்துலயே நில்லு. எது நின்னாலும் சொல்லு." எனக்குப் பதவி உயர்வு கிடைத்துவிட்டது.

வீட்டில் எல்லாவற்றையும் அம்மாவுக்கு நடித்துக் காட்டினேன். கிளீனர் கத்தியதற்குச் சிரித்தாள். "நின்னா நல்லதுதானேடா" என்று மாமாவைப்போலச் சொன்னபோது சிரிக்கவில்லை. அதை இன்னொரு முறை சொல்லச் சொன்னாள்.

அதுவரை மாமாவைச் சாப்பிட அழைப்பதென்றால், அடுப்படியிலிருந்தே நான்கு முறை கூப்பிட்டு, ஐந்தாவதாகத் திட்டுவாள். அன்றிரவு எழுந்து அவர் இருந்த இடத்துக்கே போனாள். தோளைத் தொட்டு, அவர் திரும்பிய பிறகு, "சாப்பிட வாடா" என்றாள். அதற்குப் பின் எப்போதும் அப்படித்தான். விமானத்தையே காலை மடக்க வைத்தவருக்கு அந்த மரியாதைகூடக் கொடுக்காவிட்டால் எப்படி என்று நான் நினைத்துக்கொண்டேன்.